சதுரம் செவ்வகமா?

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து, பங்குமனைத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். பூசைக் கருத்து எழுதிக்கொடுக்க வந்தவர்கள், திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள், வீட்டு வழக்கைச் சொல்லித் தீர்ப்புக் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக விடைபெற்றுச் சென்ற பின்னரும் ஒரு சிறுமி மட்டும் தூணருகே தயங்கி நின்றாள். ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கையில் மடித்த விடைத்தாள்.

“தோத்திரம் சாமி. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

கணக்குத் தேர்வின் விடைத்தாள் அது. “கீழ்க்காணும் உருவங்களுள் செவ்வகங்கள் எத்தனை?” என்பது வினா. அதன்கீழ் ஆறு உருவங்கள் வரையப்பட்டிருந்தன: நிமிர்ந்து நிற்கும் செவ்வகம் ஒன்று, படுத்திருக்கும் செவ்வகம் ஒன்று, ஒரு சதுரம், ஓர் இணைகரம், ஒரு முக்கோணம், ஒரு வட்டம். சிறுமி “மூன்று” என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து, “இரண்டு” என்று திருத்தியிருந்தார். போனது இரண்டு மதிப்பெண்.

“நாலு கோணமும் செங்கோணமாக இருக்கிற நாற்கரம் செவ்வகம்னு பாடத்திலே இருக்கு சாமி. சதுரத்துக்கும் நாலு கோணமும் செங்கோணந்தானே?” என்றாள்.

அன்று நாம் கூறிய விடையை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறோம். “ஆசிரியை சொன்னதே சரி, அம்மா. சதுரத்துக்கென்று தனிப் பெயர் இருக்கிறது. செவ்வகத்துக்கென்று தனிப் பெயர் இருக்கிறது. பெயர் வேறு என்றால் பொருளும் வேறு” என்றோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. தாளை முன்பு மடித்த மடிப்பிலேயே மீண்டும் மடித்துக்கொண்டு போய்விட்டாள். நாமும் காலை உணவுக்கு எழுந்து சென்றோம். அத்துடன் அதை மறந்தும் போனோம்.

அந்தச் சிறுமியின் தந்தை கொத்தனார். கோயிலுக்குப் பின்புறம் மறைக்கல்விக்கென இரண்டு அறைகள் கட்டும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தோம். ஓர் அறை 12 அடிக்கு 12 அடி. மற்றொன்று 12 அடிக்கு 16 அடி. புதன்கிழமை காலை அவர் கடைக்கால் தோண்டுவதற்கு முளையடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். நாம் அருகே சென்று நின்றோம்.

கொத்தனார் மூலை பிடிக்கும் விதத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சிறிது விரித்துரைக்கிறோம். மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. மட்டம் சிறியது, சுவரோ நீண்டது, மூலையில் நூலிழை பிசகினால் மறுகோடியில் ஒரு சாண் விலகிவிடும். எனவே ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் அளந்து குறியிட்டு, அவ்விரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் மூலை செங்கோணம். நான்கு முளைகளும் அடித்த பின்னர், எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்திருக்கின்றனவா என்று அளக்கிறார். இறுதியாக மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை நூல் பிடிக்கிறார். அன்று பெரிய அறையில் குறுக்களவு இரண்டும் 20 அடியாக வந்தன. சிறிய அறையில் இரண்டும் 17 அடிக்குச் சற்றே குறைவு. இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக வந்ததும் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“சதுர அறைக்கு வேறு முறை உண்டா?” என்று கேட்டோம். பேச்சுக்காகக் கேட்டதுதான்.

“ரெண்டுக்கும் ஒரே முறைதான் சாமி. எதிர்ப்பக்கம் சரியா இருக்கணும், குறுக்கு ரெண்டும் சரியா இருக்கணும், மூலை தப்பாது. சதுரத்துக்குன்னு தனி நூல் கிடையாது. நாலு பக்கமும் ஒண்ணா வந்தா அது சதுரம், அவ்வளவுதான்.” சற்று நேரம் கழித்து, குனிந்து முளையைத் தட்டியபடியே தொடர்ந்தார்: “பாப்பா உங்ககிட்டே வந்துட்டுப் போனாளாமே. இனிமே புத்தகத்தைப் பார்க்க மாட்டேன், டீச்சர் என்ன சொல்றாங்களோ அதை மட்டும் எழுதிட்டு வந்துடறேன்னு அவ அம்மாகிட்டே சொன்னாளாம்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நமக்கோ அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இரண்டு மதிப்பெண்ணை இழந்ததற்காக அச்சிறுமி அவ்வாறு சொன்னதாக நமக்குத் தோன்றவில்லை. பாடநூலில் உள்ள சொல்லை ஊன்றிப் படித்து, அதன்படி எண்ணிப் பார்த்து விடை எழுதிய பிள்ளை அவள். அப்படிப் படித்ததே தவறு என்று இரண்டு பெரியவர்கள் அவளுக்குச் சொல்லிவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் திண்ணையில் வழக்கமாகக் கூடுவோரிடம் இவ்வினாவை வைத்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், உயர்நிலைப்பள்ளியில் கணிதம் கற்பிக்கும் கன்னியர் இல்லத்துச் சகோதரி ஒருவர், நம் உபதேசியார், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் ஆகியோர் இருந்தனர். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று எண்ணினோம். இரவு உணவு ஆறிப்போகும்வரை முடியவில்லை.

தலைமையாசிரியர் ஆசிரியையின் பக்கம் நின்றார். அவருடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. “செவ்வக மேசை ஒன்று செய்து தா என்று தச்சரிடம் சொல்கிறீர்கள். அவர் சதுர மேசை கொண்டுவந்து வைத்தால் பணம் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். ஆகவே மக்கள் வழக்கில் செவ்வகம் என்றால் சதுரம் அல்லாதது என்றே பொருள். சொல்லுக்குப் பொருள் தருவது வழக்கே” என்றார்.

சகோதரி அதை ஏற்கவில்லை. “ஐயா, செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று வகுப்பில் ஒருமுறை நிறுவிவிடுகிறேன். சதுரம் செவ்வகத்தில் சேராது என்றால், அதையே சதுரத்துக்கென்று மீண்டும் ஒருமுறை நிறுவ வேண்டும். பரப்பளவுக்கும் அப்படி, சுற்றளவுக்கும் அப்படி. நிறுவும் முறையோ ஒரு சொல்கூட மாறாது. மாறாதபோது எதற்கு இரண்டு?” என்றார். கொத்தனார் “தனி நூல் கிடையாது” என்று சொன்னதும் இதுவே என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

இளைஞர் இடையே புகுந்து, 12 அடிக்கு 16 அடி அறையின் நீளத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். 15 அடி, 14, 13, 12 அடி ஓர் அங்குலம்: எல்லாம் செவ்வகம். சரியாக 12 அடியில் மட்டும் அது செவ்வகமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. 11 அடி 11 அங்குலத்தில் மீண்டும் செவ்வகமாகிவிடுகிறது. இது விந்தையாக இல்லையா என்றார். தலைமையாசிரியர் சிரித்துவிட்டார், ஆயினும் இணங்கவில்லை.

அதுவரை வாய் திறவாதிருந்த உபதேசியார் கூறியதே அன்றைய பேச்சில் நமக்கு மிகவும் பிடித்தது. “நம்ம ஆயர் நேற்று இங்கே வந்திருந்தால், ‘நேற்று ஒரு குரு வந்தார்’ என்று யாராவது ஊரில் சொல்வோமா? ஆயர் வந்தார் என்றுதானே சொல்வோம்? அதற்காக ஆயர் குரு இல்லை என்று ஆகிவிடுமா?” என்றார்.

தலைமையாசிரியரின் மேசைக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழி நமக்குத் தெரியவில்லை. பேச்சு வழக்கில், ஒரு பொருளுக்கு உரிய பெயர்களுள் மிகக் குறுகிய பெயரையே நாம் எடுத்தாள்கிறோம். சதுர மேசை வேண்டுமானால் சதுரம் என்றே சொல்லியிருப்போம். செவ்வகம் என்று சொன்னதால் சதுரம் வேண்டாம் என்பதைத் தச்சர் உய்த்துணர்ந்துகொள்கிறார். அந்த உய்த்துணர்வு பேசுகிறவரின் நோக்கத்தைப் பற்றியது. உருவத்தின் இயல்பைப் பற்றியதன்று.

நாமோ இதைக் கேட்டு நாணமுற்றோம். குருமடத்தில் மெய்யியல் பயின்ற ஆண்டுகளில் தருக்கவியல் நமக்குக் கட்டாயப் பாடம். ஒன்றை வரையறுப்பதற்கு அதன் இனத்தையும், அவ்வினத்துள் அதைப் பிரித்துக்காட்டும் சிறப்பு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வரும் முறை. பகுத்தறிவுள்ள உயிரினம் மனிதன் என்பது அங்கு எல்லோரும் மனப்பாடம் செய்யும் எடுத்துக்காட்டு. உயிரினம் என்பது இனம். பகுத்தறிவு என்பது வேறுபாடு. அம்முறைப்படி, பக்கங்கள் சமமான செவ்வகம் சதுரம் என்றாகும். “பெயர் வேறென்றால் பொருளும் வேறு” என்று அச்சிறுமியிடம் நாம் கூறிய காரணம் செல்லுமானால், மனிதனுக்குத் தனிப் பெயர் இருப்பதால் அவன் உயிரினமல்லன் என்று முடிந்துவிடும்! தேர்வில் இதை எழுதியிருந்தால் எங்கள் பேராசிரியர் எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

எனினும் தலைமையாசிரியர் தனியாக நிற்கவில்லை. அவருக்குப் பின்னே நிற்பவர் யூக்ளிட். கி.மு. 300-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர். வடிவியலுக்கு அடிநூலாகிய ‘மூலங்கள்’ என்னும் நூலைப் பதின்மூன்று பகுதிகளாக வகுத்தவர். முதற் பகுதியின் 22-ஆம் வரையறையில் நாற்கரங்களை அவர் இவ்வாறு பிரிக்கிறார்: பக்கங்கள் சமமாகவும் கோணங்கள் செங்கோணமாகவும் இருப்பது சதுரம், கோணங்கள் செங்கோணமாக இருந்து பக்கங்கள் சமமாக இல்லாதது நீள் உருவம், பக்கங்கள் சமமாக இருந்து கோணங்கள் செங்கோணமாக இல்லாதது சாய்சதுரம். இதில் ஒன்று மற்றொன்றில் சேராது. அவரவர்க்கு அவரவர் வேலி. முக்கோணங்களிலும் அப்படியே: இரு பக்கங்கள் மட்டும் சமமானது இருசமபக்க முக்கோணம் என்கிறார், மூன்றும் சமமானது அதில் அடங்காது.

இங்கேதான் சுவையான செய்தி ஒன்று உள்ளது. நான்காம் பகுதியின் 15-ஆம் கூற்றில் வட்டத்துக்குள் சமபக்க அறுகோணம் வரையும் முறையை யூக்ளிட் காட்டுகிறார். அங்கே ஒரு சமபக்க முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் சமம் என்று சொல்ல வேண்டிய இடம் வருகிறது. அதற்கு அவர் காட்டும் காரணம், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதே! வரையறையில் வேலிக்கு வெளியே நிறுத்திய சமபக்க முக்கோணத்தை, வேலை என்று வந்தபோது உள்ளே அழைத்துக்கொள்கிறார். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ‘செங்கோண இணைகரம்’ என்று வேறொரு பெயரும் அவரிடம் வருகிறது. கோணத்தை மட்டும் பார்த்து இட்ட பெயராதலால், அதில் சதுரமும் அடங்கும். ஆக, யூக்ளிடிடம் இரண்டு பெயர்கள் இருந்தன: சதுரத்தை விலக்கும் ‘நீள் உருவம்’ ஒன்று, சதுரத்தையும் அணைத்துக்கொள்ளும் ‘செங்கோண இணைகரம்’ மற்றொன்று.

தமிழிலும் அவ்வாறே இரண்டு பெயர்கள் உண்டு என்பதை அன்றிரவு படுக்கையில்தான் எண்ணிப் பார்த்தோம். நம் பாட்டன்மார் ‘நீள்சதுரம்’ என்றனர். கிராமங்களில் இன்றும் முதியோர் ‘நீளச்சதுரம்’ என்பதைக் கேட்கலாம். நீளம் மிகுந்தது என்று அப்பெயரே சொல்லிவிடுவதால், சதுரம் அதில் சேராது. பாடநூல் வழங்கும் ‘செவ்வகம்’ என்பதோ செம்மை என்னும் அடியிலிருந்து பிறந்தது. செங்கோணம், செங்குத்து, செங்கோல் ஆகியவற்றோடு உடன்பிறந்த சொல். கோடாத மூலையை மட்டுமே அது பேசுகிறது. நீளத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆகவே சதுரம் நீள்சதுரமன்று, சதுரம் செவ்வகமே. தலைமையாசிரியர் சொல்லியது பழைய சொல்லுக்குச் சரி. வினாத்தாளில் இருந்ததோ புதிய சொல்.

வரையறைகளை எப்படி வகுப்பது என்பதில் முழு உரிமை உண்டு. சதுரத்தை விலக்கியே செவ்வகத்தை வரையறுப்பேன் என்று ஒருவர் சொன்னால், அவரைத் தடுக்க எவராலும் இயலாது. யூக்ளிடே செய்திருக்கிறாரே! சரிவகத்தின் வரையறையில் கணித ஆசிரியர்களே இன்னும் இரு கட்சியாகத்தான் இருக்கின்றனர்: ஓர் இணை பக்கங்கள் மட்டுமே இணையாக இருக்க வேண்டும் என்பர் சிலர்; குறைந்தது ஓர் இணை இருந்தால் போதும் என்பர் வேறு சிலர். இதில் குற்றமில்லை. நான்கு செங்கோணம் இருந்தால் செவ்வகம் என்று பாடத்தில் ஒரு வரையறையைக் கொடுத்துவிட்டு, திருத்தும்போது வேறொரு வரையறையைக் கையில் எடுத்துக்கொள்வதே குற்றம். அதைத்தான் நாம் அனைவரும் அச்சிறுமிக்குச் செய்தோம்.

சொல் ஆக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு நினைவு. உரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த இயேசு சபைக் குரு கிறிஸ்டோபர் கிளாவியுஸ் 1574-இல் யூக்ளிடின் நூலை விரிவான விளக்கங்களுடன் வெளியிட்டார். 1582-இல் வந்த கிரகோரியன் நாட்காட்டிக்குத் துணைநின்றவரும் அவரே. அவரிடம் பயின்ற மத்தேயு ரிச்சி சீனம் சென்று, சூ குவாங்சி என்னும் அறிஞரோடு சேர்ந்து அந்நூலின் முதல் ஆறு பகுதிகளைச் சீன மொழியில் 1607-இல் பெய்ஜிங்கில் வெளியிட்டார். 1603-இல் பவுல் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றவர் சூ குவாங்சி. ஒவ்வொரு உருவத்துக்கும் எந்தச் சொல்லை இடுவது என்று ஒரு குருவும் ஓர் அரசு அலுவலரும் எத்தனை இரவுகள் விளக்கேற்றி வாதாடியிருப்பார்களோ! நம் திண்ணை வாதம் அவர்களுக்கு வியப்பளித்திராது.

அடுத்த வெள்ளிக்கிழமை சகோதரி ஒரு செய்தியோடு வந்தார். பெரியவர்கள் எண்ணிக்கையில் தவறுவது நம் ஊரில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு அது சான்று.

1980 அக்டோபரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப்பள்ளி மாணவர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய ஒரு முன்னோடித் தகுதித் தேர்வில் வடிவியல் வினா ஒன்று இருந்தது. ஒரு பிரமிடு, அதன் அடி சதுரம், பக்கங்கள் நான்கும் சமபக்க முக்கோணங்கள். அத்துடன் ஒரு நான்முகி; அதன் முகங்கள் நான்கும் அதே அளவுள்ள சமபக்க முக்கோணங்கள். நான்முகியின் ஒரு முகத்தைப் பிரமிடின் ஒரு முக்கோணப் பக்கத்தோடு மூலைக்கு மூலை பொருந்துமாறு ஒட்டினால், கிடைக்கும் உருவத்துக்கு வெளியே தெரியும் முகங்கள் எத்தனை?

வாசகர்களே, இதற்கு மேல் படிக்குமுன் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பிரமிடுக்கு 5 முகம், நான்முகிக்கு 4, ஆக 9. ஒட்டிய இரண்டும் மறைந்துவிடும், மீதி 7. நாமும் அப்படித்தான் சொன்னோம். தலைமையாசிரியரும் அதையே சொன்னார். வினாவை ஆக்கிய வல்லுநர்கள் சரிவிடையாகக் குறித்து வைத்திருந்ததும் 7-தான்.

புளோரிடா மாநிலத்தில் 17 வயது மாணவர் ஒருவர் 5 என்று எழுதியிருந்தார். வினாவும் விடையும் மாணவர் கைக்கு வந்தபோது, தம் விடை தவறு என்று குறிக்கப்பட்டிருப்பதை அவர் கண்டார். அவர் விடவில்லை. மாதிரி உருவம் செய்து, பொறியாளராகிய தம் தந்தையிடம் காட்டினார். செய்தி தேர்வை நடத்திய நிறுவனத்துக்குச் சென்றது. ஆராய்ந்து பார்த்த நிறுவனத்தார், 5 என்பதே சரி என்று 1981 மார்ச்சில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். அவ்விடையை எழுதியிருந்த ஏறத்தாழ 2,40,000 மாணவரின் மதிப்பெண் உயர்த்தப்பட்டது.

எப்படி 5 ஆகும்? சகோதரி தரையில் வரைந்து விளக்கியதை இயன்றவரை எழுத்தில் தருகிறோம். அத்தகைய பிரமிடுகள் இரண்டை, இரு கூடாரங்களைப்போல், மேசைமீது பக்கத்தில் பக்கமாக வையுங்கள். அடிச்சதுரங்கள் ஒரு விளிம்பில் ஒட்டி நிற்கட்டும். இரண்டு உச்சிகளுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? ஒவ்வோர் உச்சியும் தன் சதுரத்தின் நடுவுக்கு நேர்மேலே இருப்பதால், அத்தொலைவு சதுரத்தின் ஒரு பக்க அளவே. இப்போது இரு கூடாரங்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். அதன் நான்கு மூலைகள்: உச்சிகள் இரண்டு, பொது விளிம்பின் முனைகள் இரண்டு. இவற்றுள் எந்த இரண்டை எடுத்தாலும் இடைத்தொலைவு ஒன்றே. எல்லா விளிம்பும் சமமான அந்தப் பள்ளம் நம் நான்முகியேதான்! அதைத் தூக்கி அங்கே வைத்தால் அச்சில் வார்த்ததுபோல் அமர்ந்துகொள்ளும்.

இனி முன்பக்கம் வந்து பாருங்கள். இரு கூடாரங்களின் முன்முகங்களும் மேசைமேல் ஒரே கோட்டிலிருந்து ஒரே சாய்வில் எழுகின்றன. எனவே அவை ஒரே தளத்தில் உள்ளன. நடுவில் அமர்ந்த நான்முகியின் முன்முகத்துக்கு மூலைகள் இரு உச்சிகளும் முன்முனையும். அவை மூன்றும் அதே தளத்தில் இருப்பவை. ஆகவே நான்முகியின் முன்முகமும் பிரமிடின் முன்முகமும் விளிம்பே இல்லாமல் ஒரே முகமாக இணைந்துவிடுகின்றன. பின்புறமும் அவ்வாறே. இப்படி இரண்டு முகங்கள் குறைந்து, 7 என்பது 5 ஆகிறது.

தலைமையாசிரியர் இதைக் கேட்டுத் தலையசைத்தார்; நம்பியதாகத் தெரியவில்லை. இளைஞர் எழுந்துபோய் நம் மேசையிலிருந்த பழைய நாட்காட்டி அட்டையை எடுத்துவந்தார். பக்கம் 10 செண்டிமீட்டராக முக்கோணங்களை வெட்டி, உபதேசியார் வீட்டிலிருந்து கஞ்சிப்பசை வருவித்து ஒட்டினார்கள். பசை காயுமுன் அவசரப்பட்டதில் முதல் பிரமிடு நசுங்கிப்போயிற்று. இரண்டாவது நின்றது. நான்முகியை ஒட்டி முடித்ததும் தலைமையாசிரியர் அதைக் கையில் வாங்கி, ஒட்டிய இடத்தின் குறுக்கே விரலை மெல்ல ஓட்டினார். விரல் எங்கும் தட்டவில்லை. மீண்டும் ஒருமுறை ஓட்டினார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் அதை நம்மிடம் நீட்டினார்.

இணைந்த முகத்தின் வடிவம் என்ன என்று சகோதரி கேட்டார். சமபக்க முக்கோணங்கள் இரண்டு ஒட்டினால் பக்கங்கள் நான்கும் சமம், மூலைகள் செங்கோணமல்ல. சாய்சதுரம்! ஆக வெளியே தெரிபவை சதுரம் ஒன்று, முக்கோணம் இரண்டு, சாய்சதுரம் இரண்டு.

மறுநாள் சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பு. முடிந்ததும் அச்சிறுமியை அழைத்து, “அம்மா, அன்று நாம் உனக்குச் சொன்னது தவறு. நீ எழுதியதுதான் சரி. சதுரமும் செவ்வகமே” என்றோம். ஐம்பது வயதைக் கடந்த ஒரு குரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். எளிதாக இல்லை. அவள் நம்மையும், பிறகு தரையையும் பார்த்தாள். நாட்காட்டி அட்டையில் செய்த உருவத்தை அவள் கையில் கொடுத்து, அதன் கதையையும் சொன்னோம். புளோரிடா மாணவர் பகுதி வரும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

சகோதரி பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடமும் பேசினார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தாள்களை ஒரே இரவில் திருத்தியவர் அவர். விடைக்குறிப்பில் 2 என்றுதான் இருந்ததாம். வரையறையை எடுத்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டாராம். ஆனால் மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போய்விட்டது; இனி மாற்ற வழியில்லை என்று விட்டனர். அந்த இரண்டு மதிப்பெண் இன்றுவரை வரவில்லை. அமெரிக்காவில் 2,40,000 பேருக்கு மாற்ற முடிந்தது.

போன வாரம் புதிய அறையில் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. தந்தைக்கு மதிய உணவு கொண்டுவந்த சிறுமி, நாம் நிற்பதைக் கண்டு அருகே வந்தாள்.

“சாமி, நாலு பக்கமும் சமமா இருந்தா சாய்சதுரம்னு புத்தகத்திலே இருக்கு. அப்போ சதுரம் சாய்சதுரமும்தானே? ஆனா சாயவே இல்லையே?”

நாம் விடை சொல்ல அவசரப்படவில்லை. அவள் தூக்குச்சட்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கீழே கிடந்த ஈர்க்குச்சியால் மணலில் ஒரு சாய்சதுரம் வரைந்தாள். பக்கத்தில் ஒரு செவ்வகம் வரைந்தாள். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு சதுரம் வரைந்து, “இது ரெண்டு வீட்டுக்கும் பிள்ளை, சாமி” என்றாள்.